இடப்பக்கம் பார்க்கும் தலைக்கவசம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மெக்சிகோ நகரத்து ஞாயிற்றுச் சந்தையில், விரிசல் விட்ட ஒரு சீனத் தட்டில் கிடைத்தது. நடுவில் யாரோ பிரபுவின் குலச்சின்னம். அதன் தலைக்கவசம் இடப்பக்கம் பார்த்தது. பிரபுக்கள் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: முறைதவறிப் பிறந்த வம்சம். காசு கொடுத்து யாராவது தங்கள் தட்டில் இதைத் தீட்டி வாங்குவார்களா? மற்றதெல்லாம் என் கற்பனை.

2

"இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன், மாலை வெயிலில்..."

(வேண்டாம். வெயிலில் ஆரம்பிப்பவனுக்குக் கதை தெரியாது என்று பொருள்.)

மணிலாக் கப்பலில் வந்த பெட்டியைத் திறந்த எஃப்ராசியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணவரை இழந்தவள், பிரபு வீட்டுக்காரி. மகள் லியோகாதியாவைப் பெண் பார்க்க அன்று மதியம் வருகிறார்கள். அந்த விருந்துக்கென்றே சீனத்துக் கேன்டன் நகரில் சொல்லிச் செய்த தட்டுகள். மாதிரிக்குப் படம் வரைந்து அனுப்பாமல், குடும்ப முத்திரையையே அனுப்பியிருந்தாள். மெழுகில் நேராகப் பதிவதற்காக முத்திரையில் இடம் வலமாகத்தானே வெட்டியிருக்கும்? சீனத்து ஓவியர் கண்டதைக் கண்டபடி தீட்டிவிட்டார்; தலைக்கவசம் இடப்பக்கம் திரும்பிவிட்டது.

"உடைச்சுடுங்க அண்ணி! சம்பந்தியம்மா கண்ணுல பட்டா கல்யாணம் அவ்வளவுதான்" என்று பதறினாள் நாத்தனார் பிரிகிதா.

3

(இங்கே நானும் தயங்கினேன். கணவர் நிஜமாகவே அப்படிப் பிறந்தவரா? முதல் பிரதியில் இல்லை என்று எழுதினேன். கதை சப்பென்று போனது.)

ஆமாம், அப்படிப் பிறந்தவர்தான். ஊர் கிசுகிசுத்தது, எஃப்ராசியாவுக்கும் தெரியும். இத்தனை காலம் மெழுகில் வலப்பக்கம் காட்டிப் பொய் சொன்னது முத்திரைதான். அவள் மகளைப் பார்த்தாள்.

"நீ சொல்லுடி. உன் வாழ்க்கை."

"தட்டை வைங்கம்மா. இதைப் பாத்து எந்திரிச்சுப் போறவங்க வீட்டுல நான் எப்படிக் குப்பை கொட்டறது?"

4

முடிவுகள்:

அ. பெட்டி கை தவறி விழுகிறது. (கோழைத்தனம். என்னுடையது, அவளுடையது அல்ல.)

ஆ. மாப்பிள்ளை எழுந்து நின்று, "எனக்குப் பொண்ணுதான்..." (போதும், உட்காரப்பா.)

இ. வான்கோழியும் கெட்டியான மிளகாய்க் குழம்பும் பரிமாறியாயிற்று. குழம்புக்கடியில் சின்னம் மறைந்திருக்கிறது. சம்பந்தியம்மா ருசித்துச் சாப்பிட, தட்டு ஓரம் ஓரமாக வெளுக்கிறது. பிரிகிதா கரண்டியோடு ஓடிவருகிறாள்: "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுங்களா?"

இரண்டு முறை ஊற்றவிட்டேன். இரண்டு முறையும் அந்த வரியை அடித்தேன். எஃப்ராசியா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வழிச்சுச் சாப்பிடுங்க சம்பந்தியம்மா. அடியில இருக்கறதுதான் எங்க குடும்பம்."

இதற்கு மேல் எழுதமாட்டேன். சம்பந்தியம்மாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். குழம்பை வழிக்க ரொட்டித் துண்டு உங்கள் கையில் இருக்கிறது. எதிரே லியோகாதியா உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.