குட் என்றால் நல்லது இல்லை

டாக்டர் சொன்னதில் அக்காவுக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான்: குட். உடனே போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாமா, அக்காவின் கணவர், தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் வளர்ந்திருந்த கட்டியை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் நிமோனியா போவதும் வருவதுமாக இருந்தது. கட்டிதான் போய்விட்டதே, பிறகு ஏன் என்பது அவருக்கு விடாத அரிப்பு. பயத்தைவிட அதுதான் அதிகம்.

டாக்டர் சொன்னது 'குட் சிண்ட்ரோம்'. குட் என்பது இந்தக் கோளாறை முதன்முதலில் கண்டு சொன்ன வெளிநாட்டு டாக்டரின் பெயராம். கட்டி போனாலும் ரத்தத்தில் கிருமியோடு மோதும் சரக்கு ஊறுவதில்லை, அதை மாதாமாதம் ஊசி வழியாக ஏற்ற வேண்டும், சளி இருமல்காரர்களை அண்ட விடக்கூடாது என்றார் டாக்டர்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "மெஷின் ஓடுது, ஊசி ஏறி இறங்குது, நூல்தான் கோக்கல. அப்படித்தானே டாக்டர்?"

டாக்டரும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

நாங்கள் வெளியே வருவதற்குள் அக்கா எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தாள். சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். மாமாவின் அண்ணன் மூக்கைச் சிந்திய கையோடு தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தடுக்கப் போன என்னிடம், "குட்னுதானே சொன்னாங்க? குட்டுல என்னடா கெட்டது?" என்றார்.

அந்த வாரமே மாமா ஆக்ஸிஜனோடு படுத்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் அக்காவை உட்காரவைத்துச் சொன்னார். இந்த முறை அவளுக்கு எல்லாச் சொல்லும் புரிந்தது.

வீடு திரும்பிய மறுநாள் அண்ணன் மறுபடி வந்தார், தும்மிக்கொண்டே. அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள வராதீங்க. ஒட்டிக்குமாம்."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார்.

கட்டிலில் இருந்தபடி மாமா கேட்டார், "அண்ணன்கிட்டேர்ந்து எனக்குத்தானே ஒட்டும்? மாத்திச் சொல்றியே."

"உங்களுக்கு வரும்னு என் தம்பி சொன்னப்போ யாரு ஒதுங்கினா? தனக்கு வரும்னாத்தான் ஒதுங்குறாங்க."

மாமா அதையும் ஒரு மெஷினைப் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அண்ணன் தெருமுனை தாண்டுறதுக்குள்ள எனக்கு ஒட்டுற வியாதின்னு ஊருக்கே சொல்லிடுவார். அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்?"

அக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.