ஐந்தாவது ஒளிப்புள்ளி

மேற்கு மலைத்தொடருக்கு அப்பால் ஞாயிறு மறைய, முத்தா ஆற்றின்மேல் மென்பனி படர, புனே நகரின் ஆரவாரமெல்லாம் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஒடுங்கிக் கிடக்க, மகர்பட்டாவின் முகில் தொடும் மாடங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாய்ப் பூத்த அந்த மார்கழி மாலையில், அன்புடையீர், வானம் தன் அரும்பெருங்காட்சி ஒன்றை விரித்து வைத்திருந்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக அத்துணை நெருங்கியிராத வியாழனும் சனியும், ஒரு காம்பில் மலர்ந்த இரு பூக்களைப்போல் தென்மேற்கு அடிவானில் ஒட்டி நின்றன.

போசரித் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாலச்சந்திரன், தம் கையாலேயே ஆடி தேய்த்துத் தொலைநோக்கி சமைத்து, வழிப்போக்கரையெல்லாம் அழைத்து நிலவைக் காட்டி மகிழ்ந்தவர். இந்நாளுக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்தவர். நாள் நெருங்குகையில், அந்தோ, அவர்தம் இரு விழித்திரைகளிலும் குருதி கசிந்து, நோக்கும் பொருளின் நடுவிடமெல்லாம் கரும்புகையாய் மறைந்தது. நண்பர் எவரும் வரவியலாத காலம். மொட்டைமாடியில் உடனிருந்தவர் மனைவி ரமா ஒருவரே. அவரோ முப்பத்துநான்கு ஆண்டுகளாக அத்தொலைநோக்கியை ஏறெடுத்தும் பாராதவர். வால்மீன் காணக் கணவர் மலையேறிச் சென்ற இரவில், காய்ச்சலில் வலிப்புக் கண்ட கைக்குழந்தையைத் தோளில் சுமந்து, தன்னந்தனியே மருத்துவமனைக்கு ஓடியவர். குழந்தை பிழைத்தது, தாயின் மனப்புண் ஆறவில்லை.

விழியோரத்தில் எஞ்சிய பார்வையால் குழலைத் திருப்பி நிறுத்திய பாலச்சந்திரன், கண்ணை வைத்துக் கரும்புகையே கண்டு, உறையை எடுத்து மூடப்போனார்.

“அன்னிக்கு நான் வீட்ல இருந்திருக்கணும், ரமா. இத்தனை வருஷமா அதைச் சொல்லாமலே இருந்துட்டேன்.”

 ரமா அவர் கையிலிருந்த உறையை வாங்கிக் கீழே வைத்தார்.

“மூடாதீங்க. எங்கே பார்க்கணும், சொல்லுங்க.”

குழலில் கண்ணை வைத்துக் குனிந்து நோக்கினார் ரமா.

“ஒரே வட்டத்துக்குள்ள ரெண்டும் இருக்குங்க! ஒண்ணு முத்து மாதிரி, மேல ரெண்டு கோடு. இன்னொண்ணுக்கு... ரெண்டு பக்கமும் காது முளைச்சாப்ல இருக்கு.”

“அதுதான் வளையம். பெரிசுக்குப் பக்கத்துல நாலு நிலா இருக்கும், எண்ணு.”

“அஞ்சு.”

“நாலுதான் தெரியும். நாற்பது வருஷமா பார்த்தவன் சொல்றேன்.”

“அரே, நான் பார்த்துட்டுத்தானே சொல்றேன்? அஞ்சு!”

மறுக்க வாயெடுத்தவருக்குச் சட்டென விளங்கியது. அது ஐந்தாவது நிலவல்ல, வியாழனுக்கும் அப்பால், எண்ணத்துக்கும் எட்டாத் தொலைவில் எரியும் விண்மீனொன்று, அம்மாலை அந்நிலவுகளின் வரிசையில் வந்து அமர்ந்திருந்தது. தம் கண் நலமாயிருந்தால், நான்கென்றே முடிவுகட்டி எண்ணாமலே விட்டிருப்போமே என்று நாணினார்.

“அது நட்சத்திரம், ரமா. அந்த வெளிச்சம் கிளம்பினப்போ நாம பிறக்கவேயில்லை.”

“இத்தனை தூரம் வந்து என் கண்ணுக்குள்ளயா விழுது?” என்றார் ரமா, குழலிலிருந்து கண்ணெடுக்காமல்.

கோள்கள் சரியச் சரிய, “கொஞ்சம் இடப்பக்கம்” என்றும் “இன்னும் கீழே” என்றும் அவர் சொல்ல, கணவர் குழலை நகர்த்தினார். அடிவானப் புழுதியில் அவ்விரு சுடரும் செம்மை பூண்டு அணையும்வரை, கண்ட ஒவ்வொன்றையும் ரமா சொல்லிக்கொண்டேயிருந்தார். வாழ்நாளெல்லாம் தாம் கண்ட வானத்தினும் பெரிதாயிருந்தது, பாலச்சந்திரனுக்கு, அன்று தாம் கேட்ட வானம்.