ஐந்து லீற்றர் பழைய தண்ணீர்

ஹமீதாவுக்குக் கை சும்மா இருக்காது. புத்தளத்து முகாமின் ஓலைக் கொட்டிலிலும் சரி, பிறகு கட்டிய கல்வீட்டிலும் சரி, அவள் கழுவித் துடைக்காத பொருள் கிடையாது. யுத்தத்தில் வெளியேற்றப்பட்டு இருபத்திரண்டு வருசம் கழித்து, மன்னார்ப் பக்கத்துச் சொந்த ஊரான விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்தபோது அந்தக் கைக்கு நல்ல தீனி கிடைத்தது. இடையில் அவர்களுடைய பழைய வீட்டில் யார் யாரோ இருந்துவிட்டுப் போயிருந்தார்கள். சுவரில் முகம் தெரியாத ஒரு பிள்ளை கரியால் கீறிய கப்பல் இருந்தது. மூன்று நாள் தேய்த்து அதைப் போக்கினாள்.

மகள் இர்ஷானா அந்த வேலை எதிலும் சேரவில்லை. பதினாறு வயது. புத்தளத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டவள். விடத்தல்தீவை 'உங்கட ஊர்' என்றுதான் சொல்வாள். அவளை லொறியில் ஏற்றுவதற்கு ஓர் உடன்படிக்கை தேவைப்பட்டது. அவளுடைய மீன்தொட்டியும் கூடவே வர வேண்டும். மீன்கள் இங்கே உயிரோடு இருந்தால் அவளும் இருப்பாள். செத்துப்போனால் உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டில் நின்று படிக்கப் புத்தளம் போய்விடுவாள். வாப்பா சனூன் சிரித்துக்கொண்டே ஓம் என்றார். ஹமீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னதைச் செய்கிற பிள்ளையைத் தான் பெற்றிருப்பது அவளுக்குத் தெரியும்.

லொறியில் ஏழு மீன்களும் பையோடு இர்ஷானாவின் மடியில் வந்தன. காலடியில் ஓர் ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கான் நிறையத் தொட்டியின் பழைய தண்ணீர்.

"மன்னார்ல தண்ணியில்லயெண்டு புத்தளத்தால கொண்டு போறியா மகள்?" என்று சனூன் பகிடி விட்டார்.

"பழைய தண்ணி கலக்காட்டி புதுத் தண்ணி மீனுக்கு ஒத்துக்கொள்ளாது வாப்பா."

வந்த அன்று தொட்டியில் தண்ணீரை நிரப்பி, பையைக் கட்டவிழ்க்காமல் மிதக்கவிட்டு, அரை நாள் அதன் முன்னாலேயே குந்தியிருந்தாள். கான் தண்ணீரில் பாதியை ஊற்றிவிட்டு மிச்சத்தைக் கதவு மூலையில் வைத்தாள். ஏழு மீனும் தப்பின. ஹமீதாவுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் கிழமை சாச்சி மகளின் கலியாணத்துக்கு இர்ஷானா மூன்று நாள் புத்தளம் போனாள். போகும்போது, "தீன் மட்டும் போடுங்கோ உம்மா. வேற ஒண்டும் செய்ய வேணாம்" என்று இரண்டு தரம் சொன்னாள்.

ஹமீதா தீன் மட்டும்தான் போட்டிருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை, திரும்பி வந்த வீட்டில் குர்ஆனின் யாசீன் ஓத ஆட்கள் வர இருந்தார்கள். தொட்டிக் கண்ணாடியில் பாசி பச்சையாகப் படர்ந்திருந்தது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வியாழன் காலை மீன்களை வாளிக்கு மாற்றினாள். தொட்டியையும் கல்லையும் தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். மூலையில் நின்ற கானைத் திறந்து மணந்து பார்த்து முகத்தைச் சுளித்து, அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள். பிறகு கிணற்றில் அள்ளித் தொட்டியை நிரப்பி, மீன்களை விட்டாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முந்தின நாள்தான் கிணற்றை இறைத்துக் குளோரின் மருந்து போட்டிருந்தார்கள். மருந்து போட வந்தவர் அளந்து போட்டுவிட்டுத் திரும்பியபோது, "இருபத்திரண்டு வருசமா என்னென்ன விழுந்திச்சோ, இன்னும் ரெண்டு கை போடுங்கோ" என்று அவரை விடாப்பிடியாய் நின்று போடவைத்தவள் ஹமீதாதான்.

மத்தியானம் லுகர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். ஆறு மீன் செத்து மிதந்தன. கறுப்பி என்று இர்ஷானா பெயர் வைத்த கறுப்பு மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஹமீதா போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு வசந்தமலர் வேலியைக் கடந்து ஓடிவந்தாள். அவளும் இடம்பெயர்ந்து முகாமில் இருந்து வந்தவள்தான். தன் சீமெந்துத் தொட்டியில் நுளம்பு பெருகாமல் அதன் குடம்பியைத் தின்னக் கப்பி மீன் வளர்த்தாள். கறுப்பியைக் கையோடு கொண்டுபோய்த் தன் தொட்டித் தண்ணீரில் ஒரு சட்டிக்குள் விட்டாள்.

"கிணத்துத் தண்ணிய ரெண்டு நாள் வெயில்ல வையுங்கோ ஹமீதா, மருந்து போயிடும். என்ர தொட்டித் தண்ணியும் பாதி கலப்பம். கப்பியும் நாலு தாறன்."

சனிக்கிழமை வசந்தமலர் கப்பிகளையும் கறுப்பியையும் பையில் கட்டிக்கொண்டு வந்தாள். ஹமீதா அவசரமாகக் கட்டை அவிழ்க்கப் போனாள்.

"கொட்டிப்போடாதேங்கோ! பையோட மிதக்கட்டும். பிறகு ஒவ்வொரு சிரட்டையாத் தொட்டித் தண்ணிய உள்ளுக்கு விடுவம்."

மிதக்கும் பையைப் பார்த்துக்கொண்டு ஹமீதா கதிரையில் இருந்தாள். ஒரு மணித்தியாலம். இந்த அற்ப மீனுக்கு இவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது. லொறி வந்து நின்ற நாள் நினைவுக்கு வந்தது. இறங்கிய மறுநாளே இர்ஷானாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம், புதுச் சட்டை. சிநேகிதிகளுக்கு ரெலிபோன் எடுத்தால்கூட, "இன்னும் அந்த ஊர்ப் பேச்சா?" என்று தானே ஏசியதும் நினைவுக்கு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

பின்னேரம் இர்ஷானா வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். மூலையில் வெறும் கானைப் பார்த்தாள். ஹமீதா எதையும் மறைக்கவில்லை. மருந்தை இரண்டு கை கூடப் போடச் சொன்னதையும் சொன்னாள். பிள்ளை வெறும் கானின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"கலியாண வீட்டிலயே சாச்சியிட்டக் கேட்டுட்டன்" என்றாள் இர்ஷானா கடைசியில். "அங்க நிண்டு படிக்கலாமாம்."

'போகாதே' என்று சொல்லத்தான் ஹமீதா வாயெடுத்தாள்.

"போயிட்டு வா மகள்" என்றாள். "சோதனை முடியுமட்டும் அங்க நிண்டு படி. லீவுக்கு லீவு வா. மீனைக்கூட ஒரு மணித்தியாலம் மிதக்க விடுறாங்க. நான் உன்னை ஒரேயடியாக் கொட்டிப்போட்டன்."

இர்ஷானா குனிந்துகொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. சிரட்டையை எடுத்துத் தொட்டியின் ஓரத்தில் கவனமாக வைத்தாள்.

திங்கட்கிழமை காலை உடுப்புப் பையோடு வெளிக்கிட்டாள். ஹமீதா கறுப்பிக்கு ஒரு பையும் நூலும் எடுத்து வைத்திருந்தாள். வெறும் கானையும் தொட்டித் தண்ணீரால் நிரப்பி வாசலில் வைத்திருந்தாள்.

இர்ஷானா கானைத் தூக்கி மறுபடி கதவு மூலையில் கொண்டுபோய் வைத்தாள். நூலை உம்மாவின் கையில் கொடுத்தாள்.

"கறுப்பி இங்கயே நிக்கட்டும். இப்பதான் பழகுது" என்றாள். படியிறங்கி ஒருதரம் திரும்பினாள். "கண்ணாடியைத் தொட்டுப்போடாதீங்கோ உம்மா. லீவுக்கு வந்து நான் தேய்ப்பன்."

அடுத்த கிழமையே கண்ணாடியில் பச்சை ஏறத் தொடங்கிவிட்டது. ஹமீதா தினமும் அதன் முன்னால் வந்து நிற்பாள். கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள்.