பொருள் எதுவும் செய்யாதவள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைத்து எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. வட கரோலினாவில், நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் உணவறையில், 2005இல், ட்வைலா மோஸ் என் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டாள்: "சென்னை உங்க ஊருதானே கண்ணு? இப்ப அங்க மணி என்ன?"

அங்கிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. ஆகவே வேறு தொடக்கம்:

[மலையடிவாரத்தில் அந்தத் தொழிற்சாலை தன் கடைசி மூச்சை…]

வேண்டாம். தொழிற்சாலைக்கு மூச்சு கிடையாது. அதை முதலாளி மூடினார்.

2.

ட்வைலா கட்டிலும் அலமாரியும் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் இழுப்பறைகள் பொருத்தினாள். பள்ளிப் படிப்பை முடித்ததும் சேர்ந்தவள், ஐம்பதைத் தொடும்வரை அங்கேதான் இருந்தாள். அதே அலமாரி சீனாவிலிருந்து பாதி விலைக்கு வந்து இறங்கியது. முதலாளி ஆலையை மூடிவிட்டு, ஆலையின் பழைய பெயரைச் சீன அலமாரியில் ஒட்டி விற்றார்.

இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு அரசாங்க உதவி உண்டு. வேறு தொழில் படிக்கவைத்து, படிக்கும்வரை உதவித்தொகையும் தருவார்கள். ட்வைலா லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். வேலைவாய்ப்பு அலுவலர் கிரெய்டன் சிரித்தார்.

"இந்த வயசுல லாரியா? மெடிக்கல் பில்லிங் படிங்க மேடம். ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப்போகாது."

(கதைக்கு இத்தனை தோதாக யாரும் பேசமாட்டார்கள் என்று இந்த வரியை இரண்டு முறை அடித்து நீக்கினேன். அவர் பேசினார். நான் என்ன செய்ய?)

3.

படித்தாள். பிள்ளை வயதுள்ளவர்களோடு உட்கார்ந்து, காப்பீட்டுக்கு அனுப்பும் பில்லில் போடவேண்டிய நோய்க் குறியீடுகளை மனப்பாடம் செய்து தேறி, எங்கள் மருத்துவமனையிலேயே பில்லிங் பிரிவில் சேர்ந்தாள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

அவளை நல்லவளாகவே எழுதிக்கொண்டு போகிறேன். சரியில்லை. ட்வைலா சீனர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். நான் முகம் சுளித்தால், "உன்னச் சொல்லல. நீ வேற" என்பாள். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் நிர்வாகம் பில்லிங் பிரிவு முழுவதையும் சென்னைக்கு அனுப்பியது. வேலையை விட்டுப் போவதற்குமுன் ட்வைலாவே தொலைபேசியில் தன் வேலையை அங்கிருக்கும் பெண்ணுக்குக் கற்றுத்தர வேண்டும். மணி கேட்டது அதற்குத்தான்.

"சுகிர்தான்னு பேரு. கெட்டிக்காரி. நல்லா நாலு வார்த்த கேட்டுடலாம்னு வாயத் திறந்தா, 'சாப்பிட்டீங்களா மேடம்'ங்கறா. எப்படித் திட்டறது, நீயே சொல்லு."

"எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். எனக்குத் திட்டணும். யாரத் திட்டறதுன்னுதான் தெரியல."

4.

மறுபடியும் அதே உதவி கேட்டு அதே அலுவலகம் போனோம். நான்தான் கார் ஓட்டினேன். கிரெய்டனுக்குத் தலை நிமிரவில்லை.

"இந்தத் திட்டம் பொருள் தயாரிக்கறவங்களுக்குத்தான் மேடம். பில்லிங் பொருள் இல்ல. சட்டம் அப்படி."

"அலமாரி பொருளா?"

"ஆமா."

"அலமாரி செஞ்சவள பில்லிங் படின்னது யாரு?"

அவர் பேனாவை மூடினார். "நான்தான்."

"லாரி ஓட்டறேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்ப என்னையே பொருள்னு எழுதிக்கோ. நீங்கதானே தயாரிச்சீங்க? சந்தையில விலை போகல, அவ்வளவுதான்."

[அவள் மேசையைக் கவிழ்த்தாள். காகிதங்கள் பறந்து…]

இல்லை. கவிழ்க்க ஆசைப்பட்டது நான். ட்வைலா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரில் ஏறியவள் சீட் பெல்ட் மாட்டாமல் அப்படியே உட்கார்ந்தாள். நான் மாட்டிவிட்டேன். "தொடாதே" என்றாள். பிறகு, நான் வண்டியை எடுக்குமுன்பே, என் தோளில் சாய்ந்து அழுதாள்.

5.

முடிவு ஒன்று: உதவி மறுத்ததை எதிர்த்துப் போட்ட மேல்முறையீட்டில் ஜெயிக்கிறாள். எனக்குப் பிடித்திருந்தது, எழுதியும் விட்டேன். பொய் என்பதால் கிழித்தேன்.

முடிவு இரண்டு: ட்வைலாவும் சுகிர்தாவும் தொலைபேசியில் சிநேகிதிகள் ஆகிறார்கள். படிப்பவர் கண் கலங்கும். வேலையை ஊர் மாற்றி அனுப்பியவர்களுக்கு அதைவிட வசதியான முடிவு கிடையாது. அதையும் கிழித்தேன்.

இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். ட்வைலா இப்போது கோழி வெட்டும் ஆலையில், குளிரில், எலும்பு பிரிக்கிறாள். விரல்கள் மடங்க மறுக்கின்றன. மேல்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. சுகிர்தாவின் வேலையையும் இன்னும் மலிவான ஊருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு.

இதற்குமேல் நீங்கள் எழுதுங்கள். ஆனால் 'விதி' என்று எழுதாதீர்கள். 'காலம் மாறிவிட்டது' என்றும் வேண்டாம். காலம் எந்த ஆலையையும் பூட்டவில்லை, எந்தச் சட்டத்தையும் எழுதவில்லை. இந்தக் கதையில் ட்வைலாவுக்குப் பெயர் இருக்கிறது, சுகிர்தாவுக்கு இருக்கிறது, பாவம் அந்தக் கிரெய்டனுக்கும் இருக்கிறது. முதலாளிக்கும் நிர்வாகிக்கும்தான் இல்லை.

அங்கிருந்து தொடங்குங்கள்.