முதுகுக்குத் தெரிந்த எடை

கடலுக்குள் நீளும் கல்மேடையைக் கட்டும்வரை, எங்கள் ஆண்களைப் படகுக்குச் சுமந்தது நாங்கள்தான். பாவாடையை உயர்த்திச் செருகிக்கொண்டு, புருஷனை முதுகில் ஏற்றி, தொடையளவு தண்ணீரில் நடந்துபோய்ப் படகில் இறக்கிவிடுவோம். நாள் முழுக்கக் கடலில் கிடக்கிறவனுக்குக் கால் நனையக் கூடாது. எங்கள் கால் நனைவதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

ஒரே வருஷத்தில் எங்கள் ஊர் கின்ஹேவனுக்கு எல்லாம் வந்து சேர்ந்தன. தெருவுக்கு எரிவாயு விளக்குகள், ஆண்கள் பத்திரிகை படிக்க ஓர் அறை, மேட்டுத் தெருவில் பித்தளைப் பலகை மாட்டிய டாக்டர், கடைசியாகக் கல்மேடை. திறப்பு நாளில் நகரத் தலைவர் நெடுநேரம் பேசினார். நான் காய்ந்திருந்த என் காலுறைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு எல்ஸ்பெத்துக்கு மட்டும் அந்த மேடை பிடிக்கவில்லை. நாங்கள் சிப்பி உடைத்துத் தூண்டில்களில் இரை கோத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவள் புருஷன் ஆர்ச்சி கஞ்சியில் பாதியை நாய்க்கு வைத்துவிடுகிறானாம். ஜூன் மாதத்திலும் இரண்டு கம்பளிச் சட்டை போடுகிறானாம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறானாம்.

"முன்னெல்லாம் கேக்கவே வேண்டாம். முதுகுல ஏறினதுமே தெரிஞ்சிரும். இப்ப அந்தக் கல்லுதான் அவனைச் சுமக்குது. அது எங்கிட்ட ஒண்ணும் சொல்லாது."

ஹெர்ரிங் மீனுக்காகப் படகுகள் எல்லாம் வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளுக்குக் கிளம்ப வேண்டிய சமயம் அது. எட்டு வாரம் திரும்ப மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் அந்த இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் எந்த ஆணும் வாய் திறப்பதில்லை.

கிளம்பும் காலையில் ஊரே மேடையில் நின்றது. ஆர்ச்சி படகை நெருங்கியபோது எல்ஸ்பெத் அவன் முன்னால் போய் குனிந்து முதுகைக் காட்டினாள்.

"ஏறு."

"மேடைதான் இருக்கேடி. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். எட்டு வாரம் போற. ஒரு தடவை ஏறு."

படகில் இருந்த என் புருஷன் நினியனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏறிருய்யா ஆர்ச்சி. இல்லேன்னா அவ உன்னைத் தூக்கிக்கிட்டு ஷெட்லாந்துக்கே நடந்துருவா."

சிரிப்புக்கு நடுவே ஆர்ச்சி ஏறினான். எல்ஸ்பெத் நிமிர்ந்தாள். அப்படியே நின்றாள். வாரத்தில் மூன்று நாள் ஆறு மைல் தூரம் மீன் சுமந்துபோய் விற்கிற முதுகு அது. எடை அதற்குத் தெரியும்.

"என் மீன்கூடை உன்னைவிடக் கனம்," என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இறக்கி விடு, எல்ஸ்பெத்."

"இறக்குறேன். எங்கேங்கிறதை நான் பாத்துக்கிறேன்."

திரும்பி நடந்தாள். மேடையைத் தாண்டி, விளக்குக் கம்பங்களைத் தாண்டி, மேட்டுத் தெருவில் ஏறினாள். ஆர்ச்சி இரண்டு முறை திமிறினான். அப்புறம் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டான். அதைக் கண்டதும் சிரிப்பு நின்றுபோனது. நினியன் தொப்பியைக் கழற்றினான்.

பித்தளைப் பலகை மாட்டிய வாசலுக்குப் போனபோதும் அவள் அவன் கால்களை விடவில்லை. கதவைத் தன் காலால்தான் தட்டினாள்.