மாமா எழுந்துபோன மேசை

லீவுக்கு வந்த சின்ன மகனையும் மருமகளையும் ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவந்தபோது, வீடு வரும்வரை காரில் மாமா வாய் ஓயாமல் பேசினார். அதே மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் ஊமையாகிவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அவர்கள் வந்ததிலிருந்து ஒவ்வொரு வேளையும் இதே கதை. ஏன் என்று சின்ன மருமகளுக்குப் பிடிபடவில்லை.

அவள் கணவனுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. "நாம வேற ஊருக்குப் போனது அப்பாவுக்குக் கோவம். மனசுல வெச்சிருக்காரு. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுலயும் இப்படி எழுந்து போனாருன்னா, மறுநாளே கிளம்பிடலாம். இனிமே லீவுக்கு இந்தப் பக்கமே வரவேணாம்."

சொன்னதோடு நிற்காமல் பெட்டியையும் பாதி கட்டியிருந்தான்.

"கோவமா இருக்கறவரு கார்ல உங்க கையப் பிடிச்சுக்கிட்டு ஏங்க வந்தாரு?"

"அது வேற."

"எப்படி வேற?"

அவன் இன்னொரு சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான்.

அவள் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்பவள். அதனால் புகுந்த வீட்டில் அவள் பெயரே 'ரேடியோ'. கிறிஸ்துமஸ் அன்று காலை, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் சாப்பாட்டறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினாள். சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்தது.

"என்ன ரேடியோ, கொசுவா?" என்றாள் மூத்த மருமகள்.

"இல்லக்கா. போன தடவ இங்க கம்பளம், திரையெல்லாம் இருந்துச்சே?"

"புது டைல்ஸ் போட்டோம்ல, அதான் மூட்டை கட்டிப் பரண்ல போட்டாச்சு. பளபளன்னு இல்ல?"

ரேடியோவுக்குப் பொறி தட்டியது. நேராக மாமாவின் அறைக்குப் போய், அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து மெல்லக் கேட்டாள். காது மிஷின் அந்தக் காதில்தான் இருந்தது.

"மாமா, மேசையில உங்களுக்கு என்ன கேக்குது?"

"குண்டானுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கும்மா. பின்னால பாத்திரம் உருளுது. எல்லாரும் கத்தறீங்க. சின்னவன்கூடக் கத்தறான். என்மேல அவனுக்கு என்ன கோவம்?"

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் கண் கலங்கியது.

மிஷினுக்குப் பேச்சு வேறு, கரண்டி வேறு என்று தெரியாது. வந்த சத்தத்தையெல்லாம் பெரிதாக்கிக் கொடுக்கும். காரில் மெத்தை இருக்கை எதிரொலியை விழுங்கிவிடும், பேசுகிறவரும் பக்கத்திலேயே இருப்பார். இங்கே வெறும் டைல்ஸும் கண்ணாடியும். ஒரு சொல் மோதித் திரும்புவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. கேட்கவில்லையே என்று எல்லோரும் குரலை உயர்த்த, குழப்பம் இன்னும் கூடுகிறது. போதாக்குறைக்கு, மரியாதைக்கென்று அவருக்குக் கொடுத்த தலைமை நாற்காலியின் முதுகுப்பக்கம்தான் சமையலறைக் கதவு.

"மாமாவ வேற நாற்காலிக்கு மாத்தறதா? வீடு ரெண்டாயிடும்!" என்று, ரேடியோ சொன்னதைக் கேட்டு மூத்தவள் பதறினாள்.

"நாற்காலிய மாத்த வேணாம்க்கா. மேசையையே திருப்பிடலாம்."

அண்ணனும் தம்பியும் மூச்சு வாங்க மேசையைத் திருப்பினார்கள். பரணிலிருந்து மூட்டை இறங்கியது. விருந்து தொடங்கியதும் கணவன் அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்தான். கத்த வாயெடுத்தவனின் காலை மேசைக்கடியில் ரேடியோ மிதித்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கப்பா," என்றான் சாதாரணக் குரலில்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "போடு. ஆமா, என்னைக்குக் கிளம்பறீங்க?"

அவன் ஒரு நொடி மனைவியைப் பார்த்தான். "புதுவருஷம் முடிஞ்சப்புறம்தான்ப்பா."

கடைசிக் கவளம்வரை மாமா எழுந்திருக்கவில்லை. தரையில் கம்பளம், சன்னலில் திரை, மேசை விரிப்புக்கு அடியில் ஒரு பழைய போர்வை. மாமாவின் முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே மூடிய சமையலறைக் கதவு. மிஷின் இருக்கும் பக்கம் மகன், ஒருவர் முடித்தபின் ஒருவர் பேச்சு, அதுவும் கத்தாமல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.