அடுப்புக்குக் கீழே இருந்த வென்ட்

1

இந்தக் கதையின் முதல் வரைவில் ஓர் எலி இருந்தது. செத்த எலி. எங்கள் ஆர்வி வண்டியின் தரைக்கு அடியில், சூட்டுக்காற்றுக் குழாய்க்குள் அது செத்துக் கிடந்து நாறியதாக எழுதினேன். எலி பொய். அதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு: நாறியது எலி என்றால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

நாலு பக்கம் எழுதி என் மனைவி வசந்தினியிடம் கொடுத்தேன். மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் எனக்கு இருக்கும் ஒரே வாசகி அவள். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுக்குள்ளை அருமைராசா எங்கை?"

"அவர் கதைக்குத் தேவைப்படேல்லை."

"எலி தேவை, என்ரை தம்பி தேவையில்லையோ?"

ஆகவே மறுபடியும் தொடங்குகிறேன்.

2

இரண்டாம் தொடக்கம்: மொன்றியலின் இலையுதிர்காலம் மேப்பிள் மரங்களுக்குப் பொன்னாடை போர்த்தி

[விட்டுவிட்டேன். வெட்கப்படுகிறவன் மரத்துக்குப் பின்னால்தான் முதலில் ஒளிவான்.]

மூன்றாம் தொடக்கம்: போன வருடம் ஜூலையில் ஒரு பழைய ஆர்வி வாங்கினோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வண்டி. தரையில் நாலு வென்ட். கட்டிலருகே ஒன்று, மேசைக்குக் கீழே ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று, அடுப்புக்குக் கீழே ஒன்று. கேஸ் ஹீட்டரில் சூடாகும் காற்று தரைக்கடியில் ஓடி இந்த நாலு வாயாலும் மேலே வரும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் இரும்புச் சல்லடை மூடி.

புது வண்டிக்கு நம்மவர்கள் தேங்காய் உடைப்பார்கள், டயருக்குக் கீழே தேசிக்காய் வைப்பார்கள். வசந்தினிக்கு அது போதவில்லை. "அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு. அப்ப வீடுதானே? பால் காய்ச்சாமல் எப்பிடி உள்ளுக்குப் படுக்கிறது?" என்றாள். காய்ச்சினோம். பானைக் கழுத்தில் நூலால் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டி, அவள் கைகூப்பி நிற்க, பால் பொங்கி ஒரு பக்கமாய் வழிந்தது. எல்லாரும் கை தட்டினோம். எங்கள் வீட்டு முற்றம் தெருவை நோக்கிச் சரிந்திருப்பதை ஒருவரும் நினைக்கவில்லை. அடுப்பையும் தரையையும் துடைத்தோம். மஞ்சள் துண்டை மட்டும் காணவில்லை. குப்பையோடு போயிருக்கும் என்றாள்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: கவனமான வாசகருக்கு எல்லாம் இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க ஒன்பது மாதம் எடுத்தது. கோடை முழுக்க ஜன்னல்கள் திறந்திருந்தன, ஹீட்டர் போடவில்லை.)

3

அருமைராசா ஒக்டோபரில் வந்தார். திருகோணமலைக்காரர், வசந்தினியின் ஒன்றுவிட்ட தம்பி, நாற்பத்தாறு வயது. ஓர் அறை கிடைக்கும்வரை எங்களோடு இருக்கவேண்டும்.

வீட்டுக்குள் இடமில்லை என்று சொன்னேன். கீழ்த்தளத்தில் என் புத்தகங்களுக்கு ஓர் அறை இருக்கிறது. அதில் ஒரு சோபாக்கட்டிலும் இருக்கிறது. முதல் வரைவில் அந்த அறை இல்லை. இந்த வரைவில் இருக்கட்டும்.

ஆக, முற்றத்தில் நின்ற ஆர்விக்குள் அவரைப் படுக்கவைத்தேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அவர் சென் லோரானில் மீன் வெட்டும் இடமொன்றில் வேலை எடுத்தார். குளிர் தொடங்கியது, ஹீட்டரைப் போட்டோம், வண்டி நாறியது.

அது புளித்த நாற்றம். மீன் அப்படி நாறாது; கடலோரத்தில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நான் மூக்கால் முகரவில்லை, அவருடைய வேலையை நினைத்து முகர்ந்தேன்.

"அருமை, உடுப்புகளை ஒருக்கா நல்லாத் தோயும்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்து தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். "ஓம் அத்தான்," என்றார்.

அதன்பிறகு காலையும் மாலையும் வந்து கதவைத் தட்டுவார். "அக்கா, குளிக்கலாமோ?" தெருமுனை டெப்பனர் கடையில் ஒரு வாசனைச் சவுக்காரம் வாங்கி வைத்திருந்தார். தோய்த்த சட்டைகளை வெளியே கொடியில் போட, அவை குளிரில் விறைத்துப் பலகையாய் நிற்கும். இந்த வசனத்தை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

4

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை அவர் கேட்டார்: "அத்தான், ஹீட்டர் போட்டாத்தான் கூட மணக்குது. இந்த மூடிகளைக் கழட்டி ஒருக்கா உள்ளுக்குப் பாப்பமோ?"

"அதெல்லாம் அளவாப் பூட்டினது. நீர் நோண்டாதையும்," என்றேன்.

நோண்டியது நான். சூடு பட்டால் அவருடைய உடுப்புகளிலிருந்து நாற்றம் கிளம்புகிறது என்று என் பெரிய மூளை கண்டுபிடித்தது. கட்டிலருகே இருந்த வென்ட்டையும் மேசைக்குக் கீழே இருந்ததையும் அலுமினிய டேப் ஒட்டி மூடினேன். இரண்டு வாயை அடைத்தால் காற்று போக வழியில்லாமல் ஹீட்டர் கொதித்துத் தானாக நின்றுவிடும். அது எனக்குத் தெரியாது. நவம்பர் முழுக்க அது நின்று நின்று எரிந்தது. அவர் இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வருவார்.

5

அஹுன்ட்சிக்கில் இருக்கும் என் சிநேகிதர் நடராசாவின் கீழ்த்தள அறை காலியாக இருந்தது. அவரிடம் அருமைராசாவுக்காகக் கேட்டதும் நான்தான். "ஆள் எப்பிடி?" என்றார்.

"தங்கமான ஆள். குடி, சிகரெட் ஒண்டும் இல்லை. ஆனா..."

[இந்தப் புள்ளிகளைக் கதையில் அழகுக்காக வைக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நிறுத்தினேன்.]

"என்ன ஆனா?"

"கொஞ்சம் மணம்."

அறை வேறு யாருக்கோ போனது. ஏன் என்று அருமைராசா நடராசாவிடமே கேட்டிருக்கிறார். நடராசா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை அருமைராசா புரோசார்டில் நாலு பேர் இருக்கும் ஓர் அறைக்குப் போய்விட்டார். போகுமுன் வண்டியைக் கூட்டி, தரையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, மெத்தை விரிப்பைத் தோய்த்து மடித்து வைத்திருந்தார். சாவியைத் தந்தபோது என்னிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றார். அன்றைக்கு அதை மரியாதை என்று நினைத்தேன்.

6

ஏப்ரலில் வண்டியைத் திருத்தத் தொடங்கினேன். தூசியும் சோற்றுப் பருக்கையும் உள்ளே விழாமல் ஒவ்வொரு வென்ட் மூடிக்கும் அடியில் மெல்லிய கம்பிவலை வைப்பது திட்டம். அடுப்புக்குக் கீழே இருந்ததன் நாலு ஆணியையும் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வளையும் இடத்தில் மண்ணிறத்தில் தடித்த ஓர் ஏடு காய்ந்து ஒட்டியிருந்தது. சுடுதண்ணீர் ஊற்றினேன். அந்த நாற்றம் அப்படியே எழும்பியது. சுரண்டியபோது நூலோடு ஒரு மஞ்சள் துண்டு வந்தது.

அதைக் கொண்டுபோய் வசந்தினியின் கையில் வைத்தேன். அவள் அதை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "பிள்ளை எத்தினை தரம் குளிச்சவன்," என்றாள். மீசை நரைத்த தம்பியை அவள் பிள்ளை என்று சொன்னது அன்றைக்குத்தான்.

குழாயைக் கழுவினேன். டேப்பை உரித்தேன். நாலு வலையும் வைத்தேன். இதை அந்த வண்டிக்குள் இருந்துதான் எழுதுகிறேன். மே மாதக் குளிருக்கு ஹீட்டர் ஓடுகிறது, நாலு வாயாலும் சுத்தமான சூடு வருகிறது. இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

7

முடிவு ஒன்று: நான் தொலைபேசியில் சொல்கிறேன். "பாலோ அத்தான்!" என்று அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இதை ஐந்து நிமிடத்தில் எழுதினேன். என் வசதிக்காகத்தான் அவர் இவ்வளவு சுகமாகச் சிரிக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

முடிவு இரண்டு: ஆர்வியை ஓட்டிக்கொண்டு புரோசார்டுக்குப் போகிறேன். அவர் கதவைத் திறக்கிறார். நான் மஞ்சள் துண்டை நீட்ட, கண்கள் கலங்க

[யாருடைய கண்கள்? நிறுத்திவிட்டேன்.]

"கதையை விட்டிட்டு ஒரு கோல் எடுங்கோவன்," என்றாள் வசந்தினி. "நான் எடுத்தா நீங்கள் சொன்னதாகாது."

போன ஞாயிறு மத்தியானம் தொலைபேசியை எடுத்தேன். இது கற்பனை அல்ல.

"சொல்லுங்கோ அத்தான்."

"சும்மா எடுத்தனான். சுகமோ?"

"ஓம். அக்கா சுகமோ?"

"ஓம், சுகம்."

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அத்தான், நான் வெளிக்கிட்டாப் பிறகு அந்த மணம் போட்டுதோ?"

"ஓம்," என்றேன். "போட்டுது."

"அப்ப நல்லது," என்றார். "குளிக்கிற இடத்திலை என்ரை சவுக்காரம் கிடந்தா எறியச் சொல்லுங்கோ."

8

இந்தக் கதையில் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது அந்த ஓம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, மணம் போய்விட்டதுதானே. முப்பது வருடமாகக் கதை எழுதுகிறவனுக்கு அடுத்த வசனம் வாயில் வரவில்லை. அவர் இப்போதும் வேலைக்குப் போகமுன் ஒருதரமும் வந்தபின் ஒருதரமும் குளித்துக்கொண்டிருப்பார்.

ஆகையால் முடிவை உங்களிடம் தருகிறேன். அவருடைய கேள்வியைக் கீழே மறுபடி எழுதி, பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன். அழகாக இருக்கத் தேவையில்லை. பால் என்ற சொல் மட்டும் அதில் இருக்கவேண்டும். எழுதித் தாருங்கள்; அவருக்குக் கோல் எடுத்து வாசிக்கிறேன். மஞ்சள் துண்டு மேசையில் இருக்கிறது, தொலைபேசி பக்கத்தில் இருக்கிறது.

"அத்தான், நான் வெளிக்கிட்டாப் பிறகு அந்த மணம் போட்டுதோ?"

"..............................................."